பாய்மரத்தில் கட்டிய ஏரியல்

பெயரும் முகவரியும் இல்லாத மனுவின் மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை. ஓரத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, கோப்பில் முடித்துவிட வேண்டும். பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த ஒரு விதியை நான் தளர்த்தியதே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிரிவுபசார விழாவில் அதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லிச் சால்வை போர்த்தினீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன். காரணம் நேர்மை அல்ல.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. கேபிள்காரரோடு சண்டை போட்டுக் களைத்துவிட்டோம், வீட்டுக்கு எந்த டிஷ் வாங்கலாம், எந்தப் பெட்டி வாங்கலாம், கொள்முதல் பிரிவில் இருந்தவர் நீங்கள், எழுதித் தாருங்கள் மேடம் என்றார் செயலாளர். எழுதுகிறேன். நம் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்புத் தாங்கி இரண்டு மழைக்காலம்கூட நிற்காது; துத்தநாகம் நன்றாகப் பூசியதைக் கேட்டு வாங்குங்கள். நாம் தெற்குக் கோடியில் இருப்பதால் டிஷ் மற்ற ஊர்களைவிட மல்லாந்து கிடக்கும். காக்கை உட்காரும், மழைநீர் தங்கும், பயப்பட வேண்டாம். பெட்டியில் பதிவு செய்யும் வசதி இருந்தால் நல்லது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் வானம் ஒன்றுதான். எந்தத் திசையில் வைப்பது என்பதை மாட்ட வருகிற பையனிடம் விட்டுவிடுங்கள்.

கட்டுரை முடிந்தது. மீதிப் பக்கத்தை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போக இருந்த கோடை. எங்கள் தெருவில் கடல் தெரியாது. ஆனால் மத்தியானக் காற்றில் கருவாடும் உப்பும் வந்து ஜன்னல் திரையில் ஒட்டிக்கொள்ளும். அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஆற்றங்கரை வயல்காட்டிலிருந்து வேலைக்காக வந்த குடும்பம் நாங்கள். எதிர்வீட்டில் அத்தை. சொந்த அத்தை இல்லை. அவர்கள் மாதா கோவில்காரர்கள், நாங்கள் சிவன் கோவில். அவள் அப்பாவை அண்ணாச்சி என்பாள், அம்மாவை மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. தோணி ஓட்டிய அவள் கணவர் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த தம்பிதான் அவளுக்கு எல்லாம். அந்தத் தம்பியைத் தெருவே கொழும்பு மாமா என்று கூப்பிட்டது.

அந்த வருடம் அப்பா டிவி வாங்கினார். நம் ஊருக்கு ஒளிபரப்பு ‘விரைவில்’ வரும் என்று பேப்பரில் வந்த ஒரு வரியை நம்பி வாங்கினார். அரசாங்கம் ‘விரைவில்’ என்று எழுதினால் எத்தனை வருடம் என்று இருபது வருடம் அதையே எழுதிய அவருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டார். ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தார். பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தபால் ஆபீசில் அதற்கு லைசென்ஸ் எடுத்துவிட்டார். சேமிப்புக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு சின்னப் புத்தகம், உள்ளே ஊதா நிற முத்திரை. அதன் எண்ணை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ரேடியோக்கடை அண்ணாச்சி பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மரக்கதவும் பூட்டும் வைத்த பெட்டி. ஏரியலைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றார்.

“சார், கிழக்காம வைக்கட்டா? சிலோன் டிவி கண்ணாடி மாதிரி விழும்.”

“வடக்கே வையுங்க.”

“வடக்கயா? வடக்க என்ன சார் இருக்கு?”

“மெட்ராஸ்.”

“மெட்ராஸ்லருந்து இங்கன வரைக்கும் அலை வராது சார். வழியிலேயே மூச்சு வாங்கி உக்காந்துரும்.”

“நாளைக்கு வரும்லா. வரும்போது திருப்பிக்கிட்டு இருக்க முடியாது. லைசென்ஸ் குடுத்தது நம்ம சர்க்கார். அத வச்சிக்கிட்டு அடுத்த நாட்டுக்காரனப் பாக்கதுக்கு நான் ஆள் இல்ல.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். ஏரியல் வடக்கே பார்த்தது. பெட்டியில் புள்ளி வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையை மாற்றி, பூட்டைத் திறந்து, அப்பா அந்தப் புள்ளிகளை அரை மணி நேரம் பார்ப்பார். ஒரு நாள் கொஞ்சம் அடர்த்தியாக இருந்ததாகச் சொன்னார்.

பதினைந்து நாள் கழித்து கொழும்பு மாமா விடுமுறைக்கு வந்தார். அக்காவுக்கு ஒரு டிவி கொண்டு வந்தார். தோணியில், மிளகாய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய தோணியில், சாக்கு சுற்றி வந்த டிவி. அதற்கு ரசீதும் இல்லை, லைசென்சும் இல்லை. ஏரியலுக்குக் கம்பம் வேண்டும். அத்தையின் செத்துப்போன கணவரின் தோணியை உடைத்தபோது எடுத்து வைத்திருந்த பாய்மரம் கொல்லையில் கிடந்தது. அவரோடு தோணி ஓட்டிய நான்கு பேர் வந்து ஒரு காலைப்பொழுதில் அதை நட்டுவிட்டார்கள். நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, உச்சியில் ஏரியல். மாதா கோவில் கொடிமரத்துக்கு அடுத்தபடி அந்தப் பக்கத்தில் உயரம் அதுதான். வெயில் ஏற ஏற மரத்திலிருந்து பழைய மீன் எண்ணெய் வாடை எங்கள் வீடு வரை வரும். படம், ரேடியோக்கடை அண்ணாச்சி சொன்னபடி, கண்ணாடி.

தெரு முழுவதும் அங்கே போனது. நானும் போனேன். அத்தை குசினியிலிருந்து தட்டில் மக்ரூன் கொண்டு வந்து எனக்கு மட்டும் இரண்டு வைப்பாள். ஒருநாள் கொழும்பு மாமா எங்கள் வாசலுக்கே வந்து, “அண்ணாச்சி, நான் ஏறி ஒரு நிமிசத்துல திருப்பித் தாரேன், நீங்க கீழ நின்னா போதும்” என்றார். அப்பா வேண்டாம் என்றார். அதற்குக் காரணமும் விளக்கினார், பிரிவு வாரியாக. மாமா தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீடு நிறையக் கூட்டம். நான் நுழைந்ததும் மாமா சத்தமாகக் கேட்டார்: “வாளா, வா. உங்கப்பா இன்னைக்கு எத்தன புள்ளி எண்ணுனாரு? கோலம் போட ஆவுமா?”

சிரிப்பு ஓடு வரை போனது. அத்தைகூடச் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, “சும்மா கிடலே, பிள்ள முகம் சுண்டிப்போச்சு” என்று தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அகலம் குறைந்த தெரு. எங்கள் ஜன்னலில் அப்பா நின்றிருந்தார். பின்னால் பெட்டி புள்ளி புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது, மாமா கொழும்புக்குத் திரும்பிப் போனார். அவர் போனது எனக்குப் போதவில்லை. ஒரு மத்தியானம் அப்பாவின் மேசையில் உட்கார்ந்து, இடதுகையால், லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேற்படி தெருவில் மேற்படி வீட்டில் உரிமம் பெறாத, வெளிநாட்டிலிருந்து வந்த தொலைக்காட்சிப் பெட்டி இயங்குவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன். பத்தி ஒன்று, பத்தி இரண்டு, பத்தி மூன்று. இப்படிக்கு, உண்மை விளம்பி. அந்த வயதில் அவ்வளவு சுத்தமாக ஒரு மனு எழுதியதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து பசியோடு சாப்பிட்டேன்.

மேலே சொன்ன விதியைப் படித்த எந்த அலுவலரும் அதைக் கோப்பில் முடித்திருப்பார். ஆனால் விசாரிக்க வந்தவருக்கு அந்த மாதம் இத்தனை பெட்டி பிடிக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. ஜூலை நடுவில் ஓர் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார், பின்னால் ஒரு பியூன். அத்தையிடம் லைசென்ஸ் கேட்டார், இல்லை. ரசீது கேட்டார், இல்லை. பெட்டியைச் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, ஒரு தாளில் அத்தையிடம் கையெழுத்து வாங்கி, கைவண்டியில் ஏற்றினார்கள். பாய்மரத்தை எதுவும் செய்யவில்லை. அதை எந்தத் தலைப்பில் கைப்பற்றுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் புத்தகத்தைப் பார்த்தார். “உங்கள மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்” என்றார். காப்பி வந்தது. காப்பியைக் குடித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“எவனோ ஆபீஸ்காரன் வேலை சார். கையெழுத்த மாத்திட்டான், பழக்கத்த மாத்த முடியல பாத்தீங்களா? இடது பக்கம் தாளக் கால்வாசி மடிச்சி மார்ஜின் விட்டுருக்கான்.”

நான் கதவோரம் நின்றேன். அந்தத் தெருவில் தாளை மடித்து மார்ஜின் விடுகிற வீடு ஒன்றுதான் இருந்தது. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் அந்த மடிப்பின் மீது கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொரு காப்பி சொல்லட்டுமா?” என்றார்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அன்றும், அதற்குப் பிறகும். அடித்திருக்கலாம். கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றும் நடக்காததைப் போல அவர் இருந்ததை, அவருக்குத் தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கே ஒரு மகள் வளர்ந்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல் எனக்கு விளங்கியது.

இதெல்லாம் நடந்து பத்து நாள்தான். பனிமய மாதா கோவிலில் கொடி ஏறிய நாள். நாங்களும் பார்க்கப் போயிருந்தோம். கொடி ஏறும்போது எழும் சத்தம் அந்த முறை ஒரு பக்கம் மட்டும் எழுந்தது. இன்னொரு பக்கம் ஆட்கள் காதோடு காது பேசிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் தமிழர் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்துகிறார்கள் என்ற செய்தி கூட்டத்துக்குள் நடந்து வந்தது. தந்தி போகவில்லை. தோணிகள் நின்றன. ரேடியோவில் ஊரடங்கு நேரத்தைச் சொன்னார்கள், நடுவில் பாட்டுப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் வயரின் நுனி. பாய்மரத்திலிருந்து இறங்கும் பட்டை வயரை அவள் வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றி, தெருவுக்கு மேலாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தலைமுடி வாரவில்லை.

“அண்ணாச்சி, ஒரே ஒரு காரியம் கேக்கேன். இத உங்க பெட்டியில மாட்டிப் பாப்பம்.”

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். “ரேடியோவுல சொல்லுதாங்கள்ளாம்மா.”

“அவன் சொல்லுதான், காட்டமாட்டாங்கான். டிவியில தெருவக் காட்டுவான்லா. தம்பி கடையிருக்க தெரு எனக்குத் தெரியும் அண்ணாச்சி, போட்டா அனுப்பிருக்கான், முனையில ஒரு மணிக்கூண்டு. அந்தத் தெருவக் காட்டிட்டாமுன்னா போதும், கட நிக்கா இல்லையான்னு பாத்துக்கிடுவேன்.”

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “ரெண்டு திருகாணி. மாட்டுங்களேன். யாரு கேக்கப்போறா?”

“கேப்பாங்க” என்றார் அப்பா. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். “லைசென்ஸ் என் பெட்டிக்குத்தான். அந்த ஏரியல் மேல புகார் இருக்கு. அந்த இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தா மறுபடி விசாரணை ஆரம்பிக்கும். யார் எழுதுனது, எவர் எழுதுனதுன்னு போகும். முறையா அனுமதி கேட்டு எழுதுதேன். வந்ததும் நானே மாட்டுதேன் தங்கச்சி. ஒரு வாரம்.”

அப்போது அதை நான் கோழைத்தனம் என்று நினைத்தேன். சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிகிற எழுத்தர் என்று நினைத்தேன். அவர் ஒளித்தது என்னைத்தான். அதற்குக் கொடுத்த விலை அவருடையது அல்ல, அத்தையுடையது. இது தவறு என்று இன்று எழுதுகிறேன். ஆனால் அந்தத் தவறின் பயனாளி நான்.

அனுமதி மனுவை ஆங்கிலத்தில் அப்பா சொல்லச் சொல்ல, சுத்தப் பிரதி எழுதியது நான், இந்த முறை வலதுகையால். உரிமம் பெற்ற பெட்டியில், உரிமம் இல்லாத வீட்டின் ஏரியலை இணைக்கலாமா என்பது கேள்வி. ஆகஸ்ட் முதல் தேதி பதிவுத் தபாலில் போனது.

அத்தை வயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. நுனியை ஒரு பாலிதீன் பையில் சுற்றி எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனாள். பதில் வந்தால் நேரம் வீணாகக்கூடாது என்று. தினமும் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நிற்பாள்.

“ஏளா, வந்துட்டா?”

“இன்னும் இல்ல அத்த.”

“எழுதுவான். சர்க்கார்லா, பாத்துத்தான் எழுதுவான்.”

முதல் நினைவூட்டு போனது. இரண்டாம் நினைவூட்டு போனது. அப்பா வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வருவார். பெட்டியின் சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு திருகாணி, வெண்ணெய்க் கத்தி போதும். ஒன்பது வெள்ளிக்கிழமைகள் இருந்தன. ஒன்றில் கத்தியைக் கையில் எடுத்து, பெட்டிக்குப் பின்னால் வரை போனேன். படம் வந்தால் அத்தை ஓடி வருவாள், என் கன்னத்தைத் தடவி நெற்றியில் முத்தம் வைப்பாள், எனக்கு அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. கத்தியைக் கழுவி வைத்தேன். முதலில் எழுதிய புகார்க் கடிதத்தைச் சின்னப் பிள்ளை வேலை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கத்தியைக் கழுவி வைத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

சிலோன் டிவி அந்த நாட்களில் என்ன காட்டியது என்று எனக்குத் தெரியாது. தெருவைக் காட்டியிருக்க வாய்ப்பில்லை. எரிந்ததை எந்த அரசாங்கம் தானே காட்டும்? இதைச் சொல்லிச் சில இரவுகளில் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் அத்தைக்கு அதைப் பார்த்து, காட்டவில்லை என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு தோணி வந்தது. அதில் வந்த ஆள் அத்தையின் வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: கடை சாம்பல். முதலாளி முகாமில் இருக்கிறார். தம்பி அன்று மத்தியானம் துறைமுகத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டதைப் பார்த்தவர் இருக்கிறார். வந்து சேர்ந்ததைப் பார்த்தவர் இல்லை. அதற்குப் பிறகு, அத்தை இருந்த இருபத்திரண்டு வருடமும், வேறு எந்தச் செய்தியும் வரவில்லை. அவளிடம் நானும் எதுவும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்குத் தம்பி விட்டுப்போன மோதிரத்தை அழித்து எனக்குக் கம்மல் செய்து போட்டாள். போட்டுக்கொண்டேன்.

அந்தத் தோணிக்காரர் வந்துபோன மறுவாரம் தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தினார். காந்தி ஜெயந்திக்கு மறுநாள், பரீட்சை விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். பழுப்பு நிற அரசாங்க உறை என்று தூரத்திலேயே தெரிந்தது. அத்தை குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து அவர் கையிலிருந்து வாங்கினாள். தனக்கு என்று நினைத்துவிட்டாள். முகவரி ஆங்கிலத்தில் இருந்தது.

“படிளா.”

படித்தேன். நான்கு வரி. ஏரியல் தன்னளவில் ஒரு ‘ரிசீவர்’ அல்ல. எனவே அதை இணைக்க இந்த அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. மனுதாரர் இதுபோன்ற காரணங்களுக்காக எழுதுவதைத் தவிர்க்கலாம்.

“என்ன போட்டுருக்கு?”

“மாட்டிக்கிடலாமாம் அத்த. கேக்கவே வேண்டாமாம்.”

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். கைத் தண்ணீர் உறையில் சொட்டி முத்திரை மை கரைந்தது.

“என்னைக்கு எழுதிருக்கான்?”

பொய் சொல்லியிருக்கலாம். மேலே தட்டச்சு செய்திருந்த தேதியைப் படித்தேன்: ஆகஸ்ட் ஒன்பது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, அனுப்பும் பிரிவில் ஏதோ ஒரு தட்டில் கிடந்திருக்கிறது. அப்படிக் கிடக்கும் என்பது பின்னாளில் நானும் கற்றுக்கொண்ட நடைமுறைதான்.

அத்தை ஈர விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தத் தெருவ இன்னும் காட்டுவானா ஏளா?”

பதில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, அக்டோபர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.